அறுபதா, நூற்றிருபதா?

(வில்லியனூரில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



குழந்தைகளுக்குக் கோடிங் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். கணினியில் ஆரம்பிக்காமல் ஒரு முக்கோணத்தில் ஆரம்பிக்கிறேன். போன கோடை விடுமுறையில் பாகூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பார்த்த முக்கோணம் அது.

மூன்று பிள்ளைகள், ஒரு பழைய மடிக்கணினி. அந்த வீட்டு அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்தது. பேட்டரி போய்விட்டது, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளைப் போட்டிருந்தோம். ஒருமுறை போட்டுவிட்டால் அதற்கு இணையம் வேண்டாம். திரையில் ஒரு பூனை நிற்கும். பக்கத்தில் வண்ண வண்ணமாகக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டையும் பூனைக்கு ஒரு கட்டளை. கட்டைகளை இழுத்து வந்து ஒன்றின்கீழ் ஒன்றாக மாட்டினால் பூனை அந்த வரிசைப்படி செய்யும்.

ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த ஒரு பெண் சதுரம் போட்டுக்கொண்டிருந்தாள். நூறு அடி நகர், 90 பாகை திரும்பு என்று இரண்டு கட்டைகள். அவற்றைச் சுற்றி, நான்கு முறை மறுபடி செய் என்கிற, வாய் திறந்த கட்டை ஒன்றைக் கவ்வ வைத்தாள். பச்சைக் கொடியைத் தட்டினாள். பூனை நான்கு பக்கமும் ஓடிச் சதுரம் போட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

“முக்கோணம் போடு பார்க்கலாம்” என்றேன். கணக்கு நன்றாக வருகிற பெண். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பது அவளுக்கு மனப்பாடம். நான்கை மூன்றாக மாற்றினாள், 90ஐ 60 ஆக்கினாள், கொடியைத் தட்டினாள். முக்கோணம் வரவில்லை. சாய்ந்து கிடக்கும் சட்டி மாதிரி, ஒரு பக்கம் மூடாத ஏதோ ஒன்று வந்தது.

“சார், பூனைக்குக் கணக்குத் தெரியல” என்றாள்.

எனக்கு விடை தெரியும். ஆசிரியராக இருந்தவனுக்கு அந்த நேரத்தில் வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவதைவிடக் கஷ்டம் வேறில்லை. சொல்லாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்த அவள் தம்பி, “மூணுக்குப் பதிலா ஆறு போடுக்கா” என்றான். போட்டாள். சட்டி மூடிக்கொண்டது. ஆறு பக்கமும் சமமான ஒரு வடிவம் வந்தது. “தேன்கூடு!” என்று கத்தினான். அதை வைத்துப் பத்து நிமிடம் தேன்கூடு கட்டினார்கள். முக்கோணத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மறக்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிச் சிமென்ட் தரையில் பெரிய முக்கோணம் ஒன்று வரைந்தாள். அதன் கோட்டின்மேல் பூனை மாதிரி நடந்தாள். முதல் முனையில் நின்றாள். நேராகவே போயிருந்தால் எந்தத் திசை என்று காட்டத் தம்பி ஒரு துடைப்பக் குச்சியை நீட்டிப் பிடித்தான். அவள் அடுத்த பக்கத்தைப் பார்த்துத் திரும்பினாள். குச்சிக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் இருந்த திருப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. கிட்டத்தட்ட வந்த வழியையே பார்க்கிற அளவுக்குத் திரும்பியிருந்தாள். 60 என்பது முக்கோணத்தின் உள்ளே இருக்கிற கோணம். நடக்கிறவர் திரும்ப வேண்டியது வெளியே இருக்கிற கோணம், அதாவது 180இல் 60 போக 120. திண்ணைக்கு ஓடி வந்து 120 போட்டாள். முக்கோணம் மூடியது.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிது. “அப்ப சதுரத்துக்கு மட்டும் எப்படி சார் சரியா வந்துச்சு?” பாருங்கள், 180இல் 90 போனாலும் 90. உள்கோணமும் வெளிக்கோணமும் சதுரத்தில் ஒன்றாகப் போய்விட்டன. தப்பான எண்ணத்தோடு போட்டதும் சரியாக வந்துவிட்டது. சரியாக வந்த சதுரம் அவளுக்கு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. மூடாத அந்தச் சட்டிதான் காட்டிக்கொடுத்தது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், கோடிங் என்ற பெயரில் நம் பிள்ளைகளுக்கு நான் வேண்டுவது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

இந்த அரை மணி நேரத்தை முதலில் கனவு கண்டவர் ஒருவர் உண்டு. சீமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். கணித மேதை. ஜெனிவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ஜான் பியாஜேயோடு வேலை செய்துவிட்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். 1967இல் வாலி ஃபோய்ர்ஸாய்க், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து லோகோ என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார். ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அதைக் குழந்தையின் கையில் கொடுக்கலாம் என்று யோசித்தவர்கள். லோகோவில் பூனைக்குப் பதில் ஆமை. வயிற்றில் பேனா கட்டிய இயந்திர ஆமை தரையில் ஊர்ந்து கோடு போடும். பிறகு அது திரைக்குள் போயிற்று. குழந்தை தன்னையே ஆமையாக நினைத்து நடந்து பார்க்கட்டும் என்றார் பேப்பர்ட். பாகூர் வாசலில் அந்தப் பெண் செய்ததும் அதேதான். அவளுக்கு யாரும் பேப்பர்ட் பற்றிச் சொல்லவில்லை.

லோகோவில் கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்தை விட்டாலும் ஓடாது. அதற்கு வழி கண்டவர், பேப்பர்ட்டின் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக். எம்.ஐ.டி. மீடியா லேபில் அவருடைய குழு 2007இல் ஸ்கிராட்சை வெளியிட்டது. இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்துப் புதுச் சத்தம் உண்டாக்குகிறார்களே, அதற்கு ஸ்கிராட்ச் என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயரும். கையில் இருப்பதைப் புரட்டிப் புதிதாக ஒன்று செய்வது என்று பொருள் கொள்ளலாம். கட்டைகளின் வடிவத்தைக் கவனித்தால் அதன் நுட்பம் தெரியும். ஆமா இல்லையா என்று பதில் வருகிற கட்டைக்கு இரண்டு பக்கமும் கூர்மை. கூர்மையான குழியில் அது மட்டும்தான் உட்காரும். எண் கொடுக்கிற கட்டைக்கு விளிம்பு உருண்டை. தொடக்கக் கட்டைக்கு மேலே தொப்பி மாதிரி வளைவு. அதன் தலையில் எதையும் மாட்ட முடியாது. இலக்கணப் பிழை வராதபடி கட்டையின் வடிவமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் யோசனைப் பிழை வரும். 60 போட வேண்டிய இடமா, 120 போட வேண்டிய இடமா என்று கட்டை சொல்லாது. அந்தப் பிழை குழந்தைக்கு வேண்டும், அதைக் குழந்தையிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது.

இப்போது நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். ஸ்கிராட்ச் புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் புதிய பெயர் இல்லை. நம் பள்ளிகள் பல ஆண்டுகள் தமிழ்நாட்டுப் பாடநூலையே படித்தன. அந்தப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் கடைசிப் பாடம், 23ஆவது, காட்சித் தொடர்பு. அதில் ஸ்கிராட்ச் இருக்கிறது. மேடை எது, பூனை மாதிரி மேடையில் ஆடுகிற ஸ்பிரைட் எது, கட்டைகள் எங்கே இருக்கும் என்று எல்லாம் இருக்கிறது. பாடம் வைத்தவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் கணினி அறை பூட்டிக் கிடந்த பள்ளி ஒன்றை நான் அறிவேன். அங்கே அந்தப் பாடத்தை முழுக்கக் கரும்பலகையில் நடத்தினார்கள். பிள்ளைகள் ஸ்பிரைட் என்ற சொல்லை ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தார்கள். ஒரு பிள்ளைகூட அந்தப் பூனையை ஓர் அடி நகர்த்தியதில்லை. நீச்சல் பாடத்தைப் படித்து முழு மதிப்பெண் வாங்கியவனை ஊசுட்டேரியில் இறக்கினால் என்ன ஆகும்?

2023-24 கல்வியாண்டிலிருந்து நம் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் கோடிங் வேண்டும் என்றது. சி.பி.எஸ்.இ. 2021இலேயே ஆறு முதல் எட்டு வரை அதைத் திறன் பாடமாகக் கொண்டுவந்தது. ஆக, பாடத்திட்டத்தில் இடம் உண்டு. கரும்பலகையில் முடித்துவிடுவோமா, பிள்ளையின் கையில் கொடுப்போமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது முடியுமா, கிராமத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு வில்லியனூரின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே நரைத்த தலையோடு உட்கார்ந்திருப்பவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அதன் மையப் புள்ளி எந்த ஊர்? இதே வில்லியனூர். ஏம்பலம், வீராம்பட்டினம், கீழூர் என்று சுற்றி இருந்த ஊர்களுக்கு இங்கிருந்துதான் செய்தி போனது. தொலைபேசிக் கம்பி சரியாக இல்லாத இடங்களுக்கு வயர்லெஸ் கருவி. கரண்ட் அடிக்கடி போகிற இடங்களில் சூரியத் தகடு. நெல் விலை, டாக்டர் வருகிற நாள், அரசுத் திட்டங்கள் எல்லாம் தமிழில். மீனவர் ஊரில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மையத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். பொதுக் கட்டடம் வேண்டும், எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வரவேண்டும் என்பது நிபந்தனை. இன்றைக்குப் பல பெரிய நகரங்களில்கூட எழுதிவைக்கத் தயங்குகிற நிபந்தனை அது.

2004 டிசம்பர் 26 அன்று என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்கு போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் வெளியேறியது, உயிர்கள் தப்பின.

அன்று வில்லியனூரில் கணினி நமக்குக் காதாக இருந்தது. வெளியே நடப்பதைக் கேட்டு நமக்குச் சொன்னது. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய காரியம். அன்று அந்த மையத்துக்கு வந்துபோன பிள்ளைகள் இன்று இந்தக் கூட்டத்தில் அப்பா அம்மாவாக இருக்கக்கூடும். இன்றைக்குக் காதுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு செல்போன் காலையிலிருந்து இரவு வரை ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கணினி இனி கையாக வேண்டும். பார்க்கிற பிள்ளை செய்கிற பிள்ளையாக வேண்டும்.

என்ன செய்வது? இங்கேதான் பல நல்ல முயற்சிகள் வழுக்குகின்றன. ஏதோ ஓர் ஊர்க் குழந்தைக்காக எழுதிய பயிற்சியை அப்படியே எடுத்து வந்து, பனிமனிதன் செய், விண்கலத்தைச் சுடு என்று ஆரம்பிக்கிறார்கள். பிள்ளை செய்துவிடும், ஆனால் அது அதனுடைய விஷயமாக இருக்காது. நான் வேறொரு இடத்தில் தேடச் சொல்வேன். தாய்மார்களே, உங்கள் வாசலில் தேடச் சொல்வேன்.

மார்கழியில் கோல நோட்டை எடுத்துப் பாருங்கள். “15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை” என்று மேலே எழுதியிருக்கும். அவ்வளவுதான். இந்த நான்கைந்து சொல்லை வைத்துக்கொண்டு வில்லியனூரில் ஒரு பெண்ணும் மதுரையில் ஒரு பெண்ணும் ஒரே புள்ளித்தளத்தை வைத்துவிடுவார்கள். நடுவில் 15. அடுத்த வரிசை, இரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்றாக, 14. அப்புறம் 13. எட்டு வந்ததும் நிறுத்து. மேல்பக்கம் முடிந்ததும் கீழ்ப்பக்கத்துக்கும் அதையே செய். மொத்தம் 169 புள்ளி. எந்தப் பாட்டியும் 169 என்று எண்ணிக்கொண்டு வைப்பதில்லை. விதியை வைத்திருக்கிறார், எண்ணிக்கை தானாக வருகிறது.

இதை அப்படியே கட்டைகளில் போட்டுப் பாருங்கள். எத்தனை புள்ளி என்பதற்கு ஒரு பெட்டி வேண்டும். அதில் முதலில் 15. வரிசையில் புள்ளி வைப்பதற்கு ஒரு மறுபடி கட்டை. வரிசை முடிந்ததும் பெட்டியில் ஒன்றைக் குறை, அரைப் புள்ளி தள்ளி ஆரம்பி. எட்டு வரிசை முடியும்வரை இது முழுவதையும் வெளியே கவ்வுகிற இன்னொரு கட்டை. கல்லூரியில் மாறி என்றும் மடக்கு என்றும் நிறுத்த நிபந்தனை என்றும் சொல்லித்தருவது மூன்றும் இதற்குள் இருக்கின்றன. அரைப் புள்ளி தள்ள மறந்தால் கோலம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். பிள்ளை அம்மாவைக் கூப்பிடும். அம்மா திரையைப் பார்த்து, “இடையில வைக்கலியே நீ” என்பார். கணினியே தொட்டறியாத அந்தத் தாய் அந்த நிமிடம் பிழை திருத்துகிற ஆசிரியர். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்த பார்வையை எந்தப் பயிற்சிக் கையேட்டாலும் கொண்டுவர முடியாது.

கோலத்துக்கும் கணினிக்கும் முடிச்சுப் போடுவது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் ராணி சிரோமனியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வாக வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று காட்டியவர்கள். சிக்குக் கோலம் அவர்கள் கையில் உலகக் கணினி அறிஞர்கள் படிக்கிற பொருளாயிற்று. நம் பிள்ளைகளின் பாடநூலில் இந்த மூன்று பெயர்களும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கோலம் போடாத வீடு இருந்தால் ஏரி இருக்கிறது. பாகூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியும். அது ஒரு நிபந்தனைக் கட்டை. தண்ணீர் இந்த மட்டத்துக்கு மேல் போனால் வெளியே விடு. எத்தனையோ தலைமுறையாகக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டிவைத்த நிபந்தனை. மழை பெய்ய, மதகு திறக்க, வயல் குடிக்க என்று ஏரியைத் திரையில் செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு வேலை இருக்கிறது.

அடுத்தது மொழி. கட்டைகளின்மேல் என்ன மொழியில் எழுதியிருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆங்கிலக் கட்டையைப் பிள்ளை படிப்பதில்லை; நிறத்தையும் இடத்தையும் வைத்து நினைவு வைத்துக்கொள்கிறது. “அந்த நீலம், மூணாவது” என்கிறது. நினைவு வைப்பதும் புரிவதும் வேறு வேறு. ஸ்கிராட்சைப் போலவே கட்டைகளால் ஆனது ஸ்நாப். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு, நம்மவர் ஒருவர் தன்னார்வமாக மொழிபெயர்த்தது. கட்டை இல்லாமல் எழுதும் மொழி வேண்டும் என்றால் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் இருக்கிறது. முழுக்கத் தமிழிலேயே நிரல் எழுதலாம். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், ஆனால் என்ற சொல் அதற்குப் பின்னால். விளிம்பைத் தொட்டால் திரும்பு என்றுதானே நாம் பேசுகிறோம்? நம் வாய் போகிற வழியில் நிரலும் போகிறது.

தமிழாக்கும்போது நடக்கிற ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர்களுக்குப் பயன்படும். ஒரு கட்டையில் திரும்பு என்றும் இன்னொரு கட்டையில் திரும்பச் செய் என்றும் எழுதி அட்டையில் வெட்டி விளையாடினோம். பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். ஒன்று உடம்பைத் திருப்புவது, மற்றது வேலையைத் திருப்பிச் செய்வது. எழுத்தில் இரண்டும் அக்கா தங்கை. மறுபடி செய் என்று மாற்றியதும் குழப்பம் போயிற்று. நல்ல தமிழ் என்று அகராதியில் தேடுவதைவிட, பிள்ளை விளையாட்டில் என்ன சொல்கிறது என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். சரியான சொல் அங்கே இருக்கும்.

இன்னொன்று, மௌஸ் யார் கையில் இருக்கிறது என்பது. ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகளை உட்கார வைத்தால் பத்து நிமிடத்தில் அது ஒரு பையனின் கைக்குப் போய்விடும். பெண்பிள்ளை பின்னால் நின்று, “இதைப் போடு, அதைப் போடு” என்று சொல்லிக்கொண்டிருக்கும். யோசனை அவளுடையதாக இருக்கும், பேர் அவனுக்குப் போகும். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். இதில் தாட்சண்யம் கூடாது. 1998இல் இந்த வட்டாரத்துப் பெண்கள் கணினி மையங்களையே நடத்தினார்கள். அவர்களின் பேத்திகள் மௌஸுக்காகக் காத்து நிற்பது நியாயமில்லை.

பெற்றோர் கேட்கிற கேள்விகளுக்கு வருகிறேன். “இது விளையாட்டுதானே சார், உண்மையான கோடிங் எப்ப வரும்?” என்று ஓர் அப்பா கேட்டார். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சிஎஸ்50 என்ற புகழ்பெற்ற கணினிப் பாடம் நடக்கிறது. அதன் முதல் வாரம் ஸ்கிராட்ச்தான். கல்லூரி மாணவர்களுக்கே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அவசரம் என்ன?

இப்போது எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுகிறதே என்று இன்னொருவர் கேட்டார். எழுதட்டும். அது எழுதிக் கொடுத்ததில் 120 இருக்க வேண்டிய இடத்தில் 60 இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டுமே. வாசலில் இறங்கி முக்கோணத்தை நடந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தக் கண் இருக்கும்.

மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் முகத்தில் தெரிகிறது. ஆறு வயதில் கோடிங் படித்தால் பெரிய கம்பெனியில் வேலை என்று கொரோனா காலத்தில் விளம்பரங்கள் வந்தன. கடன் வாங்கிப் பணம் கட்டியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஸ்கிராட்ச் இலவசம், ஸ்நாப் இலவசம், எழில் இலவசம். காசு கேட்கிறவர் எதை விற்கிறார் என்று யோசியுங்கள். பிள்ளை எந்த வேலைக்குப் போகும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தக் கலைஞர்களின் வீட்டுக் குழந்தை களிமண்ணை உருட்டும்போது யாராவது அதனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்களா? கை பழகட்டும் என்றுதானே விடுகிறார்கள்.

இது நடக்காத காரியமும் இல்லை. ஆரோவில்லை ஒட்டிய உதவி பள்ளியிலும் இசை அம்பலம் பள்ளியிலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக ஸ்கிராட்சில் கணக்கைச் செய்து பார்க்கிறார்கள். ஸ்டெம் லேண்ட் என்று அதற்குப் பெயர். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. பிள்ளைகள் நம்மைப் போன்ற பிள்ளைகள்தான், வீடுகளும் நம்மைப் போன்ற வீடுகள்தான். ஆசிரியர்கள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசியாகப் பாகூருக்கே போகிறேன். பாகூர்ச் செப்பேடு என்று ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் எழுதப்பட்டது. பாகூரில் ஒரு கல்விக்கூடம் இருந்தது. அது நடப்பதற்காக மூன்று ஊர்களின் வருமானத்தை எழுதிவைத்தார்கள். பிள்ளைகள் படிக்க ஊரையே எழுதிவைத்த மண் இது.

நான் ஊர் எதையும் கேட்கவில்லை. வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டு கொம்யூன்களிலும் உள்ள பள்ளிகளில் கணினி அறைகள் இருக்கின்றன. கணினிகள்மேல் துணி போர்த்திப் பூட்டியிருக்கிற அறைகளும் அவற்றில் உண்டு. கெட்டுப்போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. கணக்குக் காட்ட வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நீங்கள். ஆனால் பூட்டிவைத்தும் அவை கெட்டுத்தான் போகின்றன. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அந்த அறையைத் திறந்துவைப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தலைமை ஆசிரியர் சாவி கொடுக்கட்டும், ஊரில் படித்த பெண் ஒருவர் உட்காரட்டும். அவருக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மௌஸை மாற்றச் சொல்லவும், விடை தெரிந்தாலும் சொல்லாமல் இருக்கவும் தெரிந்தால் போதும். யார் வருகிறீர்கள் என்று இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வருகிற சனிக்கிழமையே ஆரம்பிப்போம்.